பெட்டியடிப் பையனும் பள்ளி டேப்லெட்டும்

வாசகர் கேள்வி: காரைக்குடிக்குப் பக்கத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் இடைநிலை ஆசிரியையாக இருக்கிறேன். ஐந்து வகுப்புக்கும் சேர்த்து 31 பிள்ளைகள். தலைமையாசிரியரும் நானும் இரண்டே பேர். நாலாம், அஞ்சாம் வகுப்பில் 13 பேர் இருக்கிறார்கள். இதில் பாதிப் பேர் 8-ஐயும் 7-ஐயும் கூட்ட இன்னும் விரல் மடக்குகிறார்கள். வாய்ப்பாடு சொல்லச் சொன்னால் கணீரென்று ஒப்பிக்கிறார்கள், மாற்றிக் கேட்டால் முழிக்கிறார்கள். பள்ளியில் ஒரு திறன் பலகையும் ஒரு டேப்லெட்டும் உண்டு. கடிகாரம் ஓடும் கணக்கு விளையாட்டுச் செயலி ஒன்றை இறக்கி, திறன் பலகையில் போட்டியாக நடத்தினேன். முதல் வாரம் ஒரே உற்சாகம். இப்போது அதே மூன்று பேர்தான் தினமும் ஜெயிக்கிறார்கள். நன்றாகப் பேசிக்கொண்டிருந்த ஒரு நாலாம் வகுப்புப் பெண், கணக்குப் பாடவேளை வந்தாலே தண்ணீர் குடிக்கப் போக வேண்டும் என்கிறாள். "கணக்குக்குப் பேர்போன சீமை இது. பழையபடி வாய்ப்பாட்டை உருப்போட வையுங்கள், எல்லாம் சரியாகும்" என்கிறார் தலைமையாசிரியர். இதற்கு எந்தச் செயலி நல்லது?

அன்புள்ள ஆசிரியைக்கு,

செயலியின் பெயர் கேட்டிருக்கிறீர்கள். சொல்கிறேன், ஆனால் கொஞ்சம் பொறுங்கள். அதற்கு முன் அந்தத் தண்ணீர் குடிக்கப் போகும் பிள்ளை. நாளைக்கே போட்டியை நிறுத்திவிடுங்கள். காரணம் எதுவும் சொல்ல வேண்டாம், அவள் பெயரை எடுக்கவே வேண்டாம். "கொஞ்ச நாளைக்கு வேற விளையாட்டு" என்றால் போதும். ஜெயிக்கிற மூன்று பேர் முகம் சுளிப்பார்கள், இரண்டு நாளில் மறந்துவிடுவார்கள். அந்தப் பெண் மறக்கக் கொஞ்சம் கூடுதல் நாள் ஆகும்.

அடுத்து ஒரு வாரம் எதையும் கற்றுக்கொடுக்காதீர்கள், பாருங்கள். 13 பேரையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, வராந்தாவில் பக்கத்தில் உட்கார வைத்து, 20 அட்டை காட்டுங்கள். பத்து கூட்டல், பத்து பெருக்கல். ஆளுக்கு நாலு நிமிடம் போதும். சரியா தப்பா என்று மட்டும் குறித்தால் பாதிச் செய்தி போய்விடும். விடை எப்படி வந்தது என்று குறியுங்கள். சட்டென்று வந்தால் 'தெ', தெரியும். கொஞ்சம் யோசித்து, தெரிந்த ஒன்றிலிருந்து பிடித்தால் 'யோ'. ஒன்று ஒன்றாக எண்ணினால் 'எ'. மூன்று நொடிக்கு மேல் போய், உதடும் அசைந்தால் அது பெரும்பாலும் எண்ணுவதுதான். விரலைத் தடை செய்த வகுப்பில் பிள்ளைகள் எண்ணுவதை நிறுத்துவதில்லை, ஒளித்து எண்ணுகிறார்கள். கல்லல் பக்கம் ஒரு பையன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கடகடவென்று விடை சொன்னான். பெருமையாக இருந்தது. நாலாவது நாள்தான் கவனித்தேன், கன்னம் உள்ளே புடைத்துப் புடைத்து அடங்கியது. நாக்கால் பல்லைத் தொட்டு எண்ணிக்கொண்டிருந்தான்.

எண்ணித்தான் சொல்லட்டுமே, விடை வந்தால் சரிதானே என்று கேட்கலாம். இரண்டாம் வகுப்பில் சரி. நாலாம் வகுப்பில் 47-ஐ 8-ஆல் பெருக்கும் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். ஏழெட்டு எத்தனை என்று எட்டு எட்டாகக் கூட்டிக்கொண்டே போகிறாள். எட்டு, பதினாறு, இருபத்துநாலு… ஒருவழியாக 56 வருகிறது. 6-ஐ எழுதிவிட்டு 5-ஐ மனதில் வைக்க வேண்டும். அடுத்து நாலெட்டு. மறுபடி முதலிலிருந்து எட்டு, பதினாறு. 32 வரும்போது மனதில் வைத்த 5 எங்கே போனதென்று அவளுக்கே தெரியாது. 376 வர வேண்டிய இடத்தில் 326 எழுதுகிறாள். நாம் சிவப்பு மையில் சுழித்துவிட்டு, பெருக்கல் முறை புரியவில்லை என்று மறுபடி முறையை விளக்குகிறோம். முறை அவளுக்கு நன்றாகவே தெரியும். ஒரே நேரத்தில் மனம் தாங்கும் சுமைக்கு அளவு உண்டு. எண்ணுகிற வேலையே அதை அடைத்துக்கொண்டால் மற்றதற்கு இடமில்லை. கணக்கில் சரளம் வேண்டும் என்று நாம் சொல்வதெல்லாம் இந்த இடத்தைக் காலி செய்து கொடுப்பதற்காகத்தான்.

சரி, தலைமையாசிரியர் சொல்கிற வாய்ப்பாடு. அவரோடு சண்டைக்குப் போகாதீர்கள், அவர் சொல்வதில் பாதி சரி. "ஆறாறு முப்பத்தாறு" என்பது காதில் விழும்போதே ஒட்டிக்கொள்ளும் ஓசை. நம் மொழி நமக்குத் தந்த வசதி இது, விடக்கூடாது. ஆனால் வரிசையாக ஒப்பிக்கும்போது பிள்ளை படிப்பது வரிசையை. ஏழெட்டு எத்தனை என்று கேட்டால் "ஓரேழு ஏழு" என்று கீழே இருந்து ஏறித்தான் வர வேண்டியிருக்கிறது. பாட்டில் மூன்றாவது சரணத்தின் ஒரு வரியைக் கேட்டால் பல்லவியிலிருந்து பாடிப் பார்ப்போமே, அது மாதிரி. இதற்கு மருந்து சுலபம். ஒப்பிக்கட்டும். ஒப்பித்து முடித்த உடனே குறுக்கும் நெடுக்குமாக ஆறு கேள்வி கேளுங்கள்.

"கணக்குக்குப் பேர்போன சீமை" என்றாரே, அதையும் அவரிடமே திருப்பலாம். பர்மாவுக்கும் மலாயாவுக்கும் இலங்கைக்கும் 'கொண்டுவிற்க', அதாவது வட்டித்தொழில் செய்ய, போன நகரத்தார் கடைகளில் சின்னப் பையன்கள் முதலில் பணப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்காரும் பெட்டியடிப் பையனாகத்தான் சேர்ந்தார்கள். அப்புறம் அடுத்தாள், அதற்கப்புறம் மேலாள் என்று ஏறினார்கள். பெட்டியடியில் உட்கார்ந்த பையனுக்குக் கணக்கு வந்தது உருப்போட்டதால் மட்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. வந்தவர் கேட்ட தொகை, அதற்கு வட்டி, இத்தனை நாள் என்று கணக்கு தினமும் வேறு வேறு வரிசையில் அவன் முன்னால் வந்து நின்றிருக்கும். தப்பினால் அன்றைக்கே, அந்த இடத்திலேயே மேலே இருப்பவர் திருத்தியிருப்பார். கொஞ்சம் கொஞ்சமாக, தினமும், மாற்றி மாற்றி, உடனே திருத்தம். நல்ல செயலி என்று இன்று நாம் தேடுவதும் இந்த நாலையும்தான்.

இப்போது திறன் பலகைக்கு ஒரு நல்ல வேலை. பத்துக்குப் பத்துக் கட்டம் போடுங்கள். மொத்தம் 100 பெருக்கல். இத்தனையையும் மனப்பாடம் செய்யணுமா என்று பிள்ளைகளையே கேளுங்கள், அழுவார்கள். அப்புறம் ஒவ்வொன்றாக அழிக்கத் தொடங்குங்கள்.

முதலில் 3 பெருக்கல் 6-ம், 6 பெருக்கல் 3-ம் ஒன்றுதான் என்று காட்ட வேண்டும். உங்கள் ஊரில் இதற்குச் செயலி தேவையில்லை. ஆத்தங்குடிக் கல் பாவிய தரை ஒன்று எங்காவது இருக்கும். அங்கே கூட்டிப் போய், சாக்பீஸால் மூன்று வரிசையில் ஆறு ஆறு கல்லைச் சுற்றிக் கோடு போடுங்கள். ஒருத்தியை இந்தப் பக்கம் நிறுத்துங்கள், ஒருத்தனை அந்தப் பக்கம் நிறுத்துங்கள். அவள் மூவாறு என்பாள், அவன் ஆறுமூணு என்பான். கல் அதே 18. வீட்டுக்காரர் திட்டுவதற்குள் ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். இதோடு 100 என்பது 55 ஆகிவிட்டது.

ஒன்று, இரண்டு, ஐந்து, பத்து வாய்ப்பாடுகள் பெரும்பாலும் வந்துவிடும். அவற்றை அழித்தால் மிச்சம் 21. ஒன்பதாம் வாய்ப்பாட்டைப் பத்திலிருந்து பிடிக்கலாம். ஒன்பதேழு என்பது எழுபதில் ஏழு குறைவு, 63. அழித்தால் 15. நாலாம் வாய்ப்பாடு இரட்டிப்பின் இரட்டிப்பு. நாலேழு வேண்டுமென்றால் ஏழும் ஏழும் 14, பதினாலும் பதினாலும் 28. அழித்தால் 10. அதில் மூமூணு, ஆறாறு, ஏழேழு, எட்டெட்டு நாலும் ஓசையாலேயே நிற்கும். அழித்துவிட்டுப் பலகையைப் பார்க்கச் சொல்லுங்கள். ஆறே ஆறுதான் பாக்கி: மூவாறு, மூவேழு, மூவெட்டு, ஆறேழு, ஆறெட்டு, ஏழெட்டு.

இதை நான் எத்தனையோ வகுப்பில் செய்திருக்கிறேன். அந்த ஆறு மட்டும் பலகையில் தனியாக நிற்கும்போது வகுப்பில் ஒரு சத்தம் வரும். "இவ்வளவுதானா டீச்சர்?" மெல்லப் படிக்கிற பிள்ளைதான் அதை முதலில் சொல்லும். ஏழெட்டுக்கு மட்டும் 5, 6, 7, 8 என்று எழுதிக்காட்டுங்கள்; 56 = 7 பெருக்கல் 8. அந்த ஒன்று அன்றைக்கே முடிந்தது.

ஆனால் பெருக்கலுக்குப் போவதற்கு முன் கூட்டலைச் சரிசெய்ய வேண்டும். உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்தியது 8-ம் 7-ம் கூட்ட விரல் மடக்குவதுதான். சத்துணவுக்கு முட்டை வருகிற அட்டைகளில் ஒன்றை எடுத்துவையுங்கள். ஐந்துக்கு ஆறு, 30 குழி. இரண்டிரண்டு வரிசையாக வெட்டினால் மூன்று துண்டு, ஒவ்வொன்றிலும் பத்துக் குழி. புளியங்கொட்டை போதும். ஒரு துண்டில் 8 கொட்டை, இன்னொன்றில் 7. முதல் துண்டில் இரண்டு குழி காலி. ஏழிலிருந்து இரண்டை எடுத்து அதை நிரப்பினால் இங்கே பத்து, அங்கே ஐந்து. பத்தும் ஐந்தும் பதினைந்து. விடை அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது, பாருங்கள். ஆங்கிலத்தில் விடை சொல்லும் செயலியில் "ஃபிஃப்டீன்" என்று கேட்கிற நம் பிள்ளைக்கு இந்த உதவி கிடைப்பதில்லை. சத்தத்தை அணைத்துவிட்டு நீங்கள் தமிழில் சொல்வது எவ்வளவோ மேல்.

இரண்டு வாரம் கொட்டையோடு. அடுத்த வாரம் கொட்டை இல்லாமல் காலி அட்டையைப் பார்த்து. அப்புறம் அட்டையும் இல்லாமல். 'எ' போட்ட பிள்ளைகள் 'யோ'வுக்கு வந்துவிட்டார்கள் என்றால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. 'யோ'விலிருந்து 'தெ'வுக்குப் போக வேண்டியது பயிற்சி. இங்கேதான் கருவிகளுக்கு வேலை. எண்ணுகிற பிள்ளைக்குச் செயலி கொடுத்தால் அவன் வேகமாக எண்ணக் கற்றுக்கொள்கிறான், அவ்வளவுதான்.

இதை நான் என் பணத்திலில்லாமல் ஒரு பள்ளியின் பணத்தில் கற்றுக்கொண்டேன். பல வருடங்களுக்கு முன் ஒரு தனியார் பள்ளிக்கு ஆலோசகராக இருந்தபோது, கணினி அறை முழுவதற்கும் ஒரு கணக்குச் செயலி வாங்கச் சொன்னவன் நான். பருவ முடிவில் செயலிக்குள் மதிப்பெண் ஏறியிருந்தது, நோட்டில் ஏறவில்லை. ஒரு பையனுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். நாலு விடையில் ஒன்றைத் தொட வேண்டும். அவன் கேள்வியையே பார்க்கவில்லை, கண்ணை மூடாத குறையாக ஒரே மூலையைத் தட்டிக்கொண்டிருந்தான். நாலில் ஒன்று சரியாக விழுந்தது, அதற்கொரு தங்கக்காசு விழுந்தது. தப்பினால் இழப்பு ஒன்றுமில்லை. வேகமாகத் தட்டத் தட்டக் காசு. மற்ற பிள்ளைகளுக்கும் அவன் இதைச் சொல்லிக்கொடுத்திருந்தான். உண்மையில் கெட்டிக்காரப் பையன்.

அதிலிருந்து எந்தச் செயலியைப் பார்த்தாலும் நான் முதலில் செய்வது ஒன்றுதான்: வேண்டுமென்றே தப்பாக விளையாடுவேன். பத்துக் கேள்விக்கும் ஒரே இடத்தைத் தட்டினால் என்ன ஆகிறது? தப்பான கேள்விக்குச் சரியான விடையைக் காட்டுகிறதா? அந்தக் கேள்வி கொஞ்சம் தள்ளி மறுபடி வருகிறதா? இல்லை, அடுத்த கேள்விக்குத் தாவிவிடுகிறதா? விடையை எண்ணாக எழுத விடுகிறதா, நாலில் ஒன்றைத் தொடத்தான் சொல்கிறதா? ஐந்தாம் வாய்ப்பாட்டை மட்டும் கொடு என்று ஆசிரியர் தேர்ந்தெடுக்க முடிகிறதா? விளம்பரம் வருகிறதா? கடைசியாக, கடிகாரத்தையும் தரவரிசையையும் அணைக்க முடிகிறதா? உங்களிடம் இருக்கிற செயலியை இப்படி ஒரு சாயங்காலம் சோதித்துப் பாருங்கள். தேறினால் வைத்துக்கொள்ளலாம்.

இப்போது பெயர்கள். உங்கள் நிலைமைக்கு நான் இரண்டைச் சொல்வேன். ஒன்று ஆங்கி. கேள்வி ஒரு பக்கம், விடை மறுபக்கம் என்று நீங்களே அட்டை செய்துகொள்ளும் மென்பொருள். அதன் ஆண்ட்ராய்டு வடிவமான ஆங்கிட்ராய்டு இலவசம், இணையம் இல்லாமலும் ஓடும், தமிழில் எழுதலாம். தெரிந்த அட்டையைத் தள்ளித் தள்ளிக் காட்டும், தெரியாததை உடனே திருப்பிக் கொண்டுவரும். இது பெரியவர்கள் படிக்கச் செய்தது, அதனால் இரண்டு இடத்தில் கைவைக்க வேண்டும். ஒரு நாளைக்கு 20 புது அட்டை என்று அதில் முதலிலேயே வைத்திருப்பார்கள், அதை 2 ஆக்குங்கள். தெரிந்ததா தெரியாததா என்று பொத்தானை அமுக்குவது பிள்ளையாக இருக்கக்கூடாது. எல்லாப் பிள்ளையும் "தெரியும்" என்றுதான் அமுக்கும், நாமும் அப்படித்தான் செய்திருப்போம். பக்கத்தில் ஓர் அஞ்சாம் வகுப்புப் பிள்ளையை உட்கார வையுங்கள்.

இன்னொன்று பிளிக்கர்ஸ். பிள்ளைகளிடம் கருவியே வேண்டாம். ஆளுக்கொரு காகித அட்டை. நாலு பக்கத்தில் எந்தப் பக்கத்தை மேலே பிடிக்கிறார்களோ அதுதான் விடை. உங்கள் போனின் கேமராவை வகுப்பின் மேல் ஒரு சுற்றுச் சுற்றினால் யார் என்ன சொன்னார்கள் என்று வந்துவிடும். ஒவ்வொரு அட்டையிலும் கோலம் வேறு வேறு. அதனால் பக்கத்துப் பிள்ளையின் விடையைப் பார்த்துப் பிடிக்க முடியாது, யார் தப்பினார்கள் என்று வகுப்புக்கும் தெரியாது. தண்ணீர் குடிக்கப் போகிற பெண் கை தூக்குவது இதில்தான் முதலில் நடக்கும். நாலில் ஒன்று என்ற குறை இதிலும் உண்டு, அதனால் வாரம் ஒரு முறை சோதித்துப் பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

பாடப்புத்தகத்தில் இருக்கிற க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தால் வரும் காணொளிகள் புரியவைக்க நல்லவை. சரளம் அவற்றால் வராது, பார்த்துக்கொண்டிருந்தால் யாருக்கும் வராது.

இனி நேரக் கணக்கு. 13 பேருக்கு ஒரு டேப்லெட். ஆளுக்கு மூன்று நிமிடம் என்றாலே 39 நிமிடம், மற்ற மூன்று வகுப்பும் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. தினமும் நடக்காது. அதனால் தினசரி வேலையைக் காகிதத்துக்குக் கொடுத்துவிடுங்கள். ஜெர்மன் மொழியில் எழுதிய செபாஸ்டியன் லைட்னர் 1972-ல் சொன்ன அட்டைப் பெட்டி முறைதான் இது. ஆங்கி செய்வதும் ஏறக்குறைய இதையேதான். உங்கள் ஊரில் பெட்டிக்குப் பதில் ஓலைக் கொட்டான். ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் மாதிரி மூன்று கொட்டான் எடுத்துக்கொள்ளுங்கள், அல்லது மூன்று காலி டப்பா. சின்னக் கொட்டானில் இருப்பதைத் தினமும் பார்க்க வேண்டும், நடுவில் இருப்பதை ஒருநாள் விட்டு ஒருநாள், பெரியதை வெள்ளிக்கிழமை மட்டும். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த கொட்டானுக்கு ஏறும். தப்பினால் எங்கிருந்தாலும் சின்னக் கொட்டானுக்கே திரும்பும். இரண்டு இரண்டு பேராக உட்கார்ந்து ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளட்டும். எட்டு நிமிடத்தில் 13 பேருக்கும் முடிந்துவிடும். ஒற்றைப்படையாக மிஞ்சுகிற ஒரு பிள்ளை அன்றைக்கு டேப்லெட்டில், பொத்தானை அமுக்க நீங்கள் பக்கத்தில். தினம் ஒருவர் மாறி மாறி.

ஒரு பிள்ளைக்குப் பத்து அட்டைக்கு மேல் வேண்டாம். அதில் ஏழு தெரிந்தவை, மூன்று புதியவை. எல்லாமே தெரியாத அட்டை என்றால் நமக்கே சலித்துவிடும். முதல் வாரம் நீங்கள் குறித்த தாள் இங்கேதான் உதவும்: 13 பேருக்கும் ஒரே அட்டைக்கட்டு கூடாது. அந்த மூன்று வெற்றியாளர்களில் ஒருவனுக்கு ஆறெட்டு தெரியாமல் இருக்கலாம். வேகமான பிள்ளைக்கு எல்லாம் தெரியும் என்று நாம் எடுத்துக்கொள்வதால் அவனுடைய ஓட்டை கடைசிவரை வெளியே வருவதில்லை.

திறன் பலகைக்கும் தினமும் இரண்டு நிமிட வேலை உண்டு. எக்செல்லில் 'ரேண்ட்பிட்வீன்' (RANDBETWEEN) சூத்திரத்தை இரண்டு கட்டத்தில் 2, 9 என்ற எல்லையோடு போட்டால், F9 விசையைத் தட்டத் தட்டப் புதுப் புது ஜோடி எண் வரும். எழுத்தைப் பெரிதாக்கி வையுங்கள். எல்லோர் கையிலும் சிலேட். கேள்வி வந்ததும் எழுதி மார்போடு அணைத்துக்கொள்ள வேண்டும், "காட்டு" என்றால்தான் திருப்ப வேண்டும். முந்திக் கத்துவது இதில் கிடையாது. ஒருவர் பதில் சொல்லப் பன்னிரண்டு பேர் வேடிக்கை பார்ப்பதும் கிடையாது. திறன் பலகையில் பணம் கொடுத்து வாங்குகிற பல விளையாட்டுகளைவிட இந்தச் சிலேட்டு எனக்கு உசத்தி.

கடிகாரம் முழுக்கவே கூடாதா என்று கேட்பீர்கள். இதில் கற்பிப்பவர்களுக்குள்ளேயே இரண்டு கட்சி உண்டு. நேரம் வைத்தால் பிள்ளைகள் பயந்து கணக்கையே வெறுக்கிறார்கள் என்பது ஒரு கட்சி. அமெரிக்கக் கல்வித் துறையின் ஆய்வுப் பிரிவு 2021-ல் வெளியிட்ட வழிகாட்டி, கணக்கில் பின்தங்கும் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு நேரம் வைத்த பயிற்சியைச் சேர்க்கவே சொல்கிறது. நான் இரண்டாவது கட்சிப் பக்கம் கொஞ்சம் சாய்ந்தவன், ஆனால் ஒரு நிபந்தனையோடு. பத்து அட்டையையும் நிதானமாகத் தப்பில்லாமல் சொல்கிற பிள்ளைக்கு மட்டும் கடிகாரம். போட்டியும் அவனுடைய போன வாரத்துக் கணக்கோடுதான், பக்கத்துப் பிள்ளையோடு இல்லை. ஒரு நிமிடத்தில் போன வாரம் 11, இந்த வாரம் 14 என்று அவன் நோட்டின் கடைசிப் பக்கத்தில் அவனே எழுதிக்கொள்ளட்டும். சுவரில் ஒட்ட வேண்டாம். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் கண்டிப்பாகப் போடாதீர்கள். அங்கே மதிப்பெண் போன ராத்திரி எந்த வீட்டில் என்ன நடந்தது என்று நமக்குத் தெரியாது.

குழுவில் போடுவதென்றால் ஐந்து கேள்வியைக் குரல் பதிவாகப் போடுங்கள், ஒவ்வொன்றுக்கும் இடையில் நாலு நொடி விட்டு. அப்பத்தா அதிரசம் தட்டிக்கொண்டே கேட்டுக்கொள்ளலாம், பிள்ளை பக்கத்திலிருந்து பதில் சொல்லலாம். பலகாரம் போட்டு விற்கிற வீட்டுப் பிள்ளை உங்கள் வகுப்பில் ஒன்றிரண்டாவது இருக்கும். பொட்டலத்துக்கு 8 வீதம் 6 பொட்டலம் என்பது அந்த வீட்டில் பாடமே இல்லை, அன்றைய வேலை. அந்தப் பிள்ளையை வகுப்பில் கேள்வி போடச் சொல்லுங்கள். உங்களைவிட நன்றாகப் போடும்.

நாலாம், அஞ்சாம் வகுப்பு வரை அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் நீண்டிருப்பதால், பிள்ளைகளை அவர்கள் கற்ற நிலையை வைத்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிப்பது உங்களுக்குப் பழக்கம்தான். ஒரே ஒரு எச்சரிக்கை. இந்தப் பத்து நிமிடத்துக்கு அந்தப் பிரிவுகளைக் கொண்டுவராதீர்கள். கூட்டலில் மலராக இருக்கிற பிள்ளை பெருக்கலில் அரும்பாக இருக்கும். அட்டையே அந்தப் பிள்ளை எங்கே நிற்கிறது என்று காட்டிவிடும்.

தலைமையாசிரியரிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "காலை வழிபாடு முடிந்ததும் வாய்ப்பாடு ஒப்பிக்கட்டும் சார், நீங்களே சொல்லவையுங்கள். முடிந்ததும் எனக்குப் பத்து நிமிடம் கொடுங்கள்." ஒரு மாதம் கழித்து அந்த 20 அட்டையை எடுத்து, அதே வராந்தாவில், அதே பிள்ளைகளைக் கேளுங்கள். கேட்பது நீங்களாக வேண்டாம், அவர் கேட்கட்டும். 'எ' எத்தனை 'யோ' ஆனது, 'யோ' எத்தனை 'தெ' ஆனது என்று அவர் கையெழுத்திலேயே இருக்கும்.

இன்னொன்று, மறந்துவிடப்போகிறேன். அட்டை எழுதும்போது 6-க்கும் 9-க்கும் அடியில் ஒரு கோடு போட்டுவிடுங்கள். 6 பெருக்கல் 8 என்ற அட்டையைத் தலைகீழாகப் பிடித்தால் 8 பெருக்கல் 9. ஒரு பிள்ளை 72, 72 என்று அடித்துச் சொன்னதை ஒரு வாரம் முழுக்கத் தப்பென்று போட்டுக்கொண்டிருந்தேன்.